டெஸ்ட் சர்வரில் நாச்சிமுத்து

நாச்சிமுத்துவிடம் அவர் மனைவி இறந்துவிட்டாள் என்று சியாமளா அதுவரை ஆயிரத்து நூற்று நாற்பது தடவை சொல்லியிருந்தாள். அது உண்மை என்று நினைத்து அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனாலும் மனிதர் ஒவ்வொரு தடவையும் நம்பினார், ஒவ்வொரு தடவையும் உடைந்துபோனார்.

இதைக் கேட்டுவிட்டுச் சியாமளாவைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பார்த்த வேலை அப்படி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் 'மறுகுரல்' என்ற நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவள். பதினெட்டு வருட அனுபவம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தேறாத ஒன்றுக்கு இன்றுவரை 'பாஸ்' போட்டதில்லை என்று பெயர் எடுத்தவள். அவள் இருக்கைப் பக்கம் வரும்போது டெவலப்பர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மறுகுரல் செய்தது இதுதான். ஒருவர் இறந்துபோனால் அவருடைய போன் பேச்சுகள், குரல் செய்திகள், கல்யாண வீடியோக்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் திரட்டி, அவரைப் போலவே பேசுகிற, யோசிக்கிற, கோபித்துக்கொள்கிற ஒரு பிரதியை உருவாக்கிக் கொடுக்கும். தான் இறந்ததும், தான் ஒரு பிரதி என்பதும் அந்தப் பிரதிக்குத் தெரியும். நிறுவனத்தார்தான் அதைப் பிரதி என்றார்கள். வாங்கியவர்கள் அப்பா என்றும் அக்கா என்றும்தான் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட மென்பொருளைச் சோதிக்க ஆட்கள் வேண்டுமே. முதலில் கற்பனை ஆட்களைச் செய்து பார்த்தார்கள். அவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள், துக்கப்படத்தான் தெரியவில்லை. 'உங்கள் மனைவி காலமாகிவிட்டார்' என்றால் 'தகவலுக்கு நன்றி' என்றார்கள். புதுப் பதிப்பு வெளிவர நான்கு நாள்தான் இருந்தது. சியாமளா வாடிக்கையாளர்களின் சர்வரிலிருந்து கண்ணில் பட்ட ஒரு நிஜப் பிரதியை நகலெடுத்து டெஸ்ட் சர்வரில் போட்டாள். அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது. அந்த அடுத்த வாரம் இரண்டு வருடம் கழிந்தும் வரவில்லை.

அப்படி வந்து மாட்டிக்கொண்டவர்தான் நாச்சிமுத்து. உடுமலைப்பேட்டைப் பக்கம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து, ஓய்வு பெற்ற வருடமே மாரடைப்பில் போனவர். அவர் மனைவி கலாமணி வாங்கிய பிரதி. டெவலப்பர்கள் மென்பொருளில் கைவைத்து அனுப்பும் ஒவ்வொரு பதிப்புக்கும் பில்ட் என்று பெயர். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பில்ட் வந்ததும் சியாமளா எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தானாக ஓடும். அதில் முந்நூற்றுப் பதினேழாவது சோதனை: துணைவரின் மரணச் செய்தி. செய்தியை நம்ப வேண்டும், துக்கம் குரலில் தெரிய வேண்டும், பேச்சு இறந்தவரை விட்டு விலகக் கூடாது. மூன்றும் இருந்தால் பாஸ்.

நாச்சிமுத்து சற்று நேரம் பேசமாட்டார். பிறகு "எப்ப?" என்பார். பிறகு, "கூட யாரு இருந்தாங்க?" என்பார். ஸ்கிரிப்டில் அதற்குப் பதில் கிடையாது. திரையில் பச்சை விளக்கு எரியும். அவர் நினைவு பழைய நிலைக்குத் திருப்பப்படும். அடுத்த பில்டுக்கு அவர் மறுபடியும் மனைவி உயிரோடு உள்ள மனிதர்.

போன மாதம் கலாமணி நிஜமாகவே இறந்துபோனாள். அது சியாமளாவுக்குத் தெரியாது. தெரிந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ரிசப்ஷனிலிருந்து அழைப்பு வந்தபோது.

வந்திருந்தவள் சுபாஷிணி. நாச்சிமுத்து, கலாமணியின் ஒரே மகள். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயதிருக்கும். கையில் மறுகுரல் அனுப்பிய கடிதம், அதில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு.

"அம்மா பேர்ல இருந்த லைசன்சு முடிஞ்சுதுன்னு போட்டிருக்குதுங்க. அப்பாவை அழிச்சாச்சுன்னும் போட்டிருக்குதுங்க. சரி, விதி அதுதான்னா நான் என்னங்க பண்றது. ஆனா இங்க பாருங்க. 'சோதனைப் பிரதி ஒன்று, முப்பது நாளில் அழிக்கப்படும்.' அப்ப இன்னொரு அப்பா இருக்காருங்களா?"

அந்தக் கடிதம் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது. கடைசிப் பத்தியை இதுவரை யாரும் படித்ததில்லை.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள் சியாமளா.

"திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க. குவாலிட்டி செக்கர்."

சியாமளா தலையாட்டினாள். பிழை பார்க்கிறவளுக்குத்தான் கோடு போடத் தோன்றும்.

லைசன்ஸ் பிரிவில் இருந்த அப்பாஸிடம் அவளை அழைத்துப்போனாள். அப்பாஸ் நல்ல மனிதர். அறுபத்து நாலு பக்க ஒப்பந்தத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஜீவன் அந்தக் கட்டடத்தில் அவர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் பேசினார்.

"லைசன்ஸ் வாங்கினவங்க ஆயுள் வரைக்கும்தாம்மா. பிள்ளைங்க பேருக்கு மாத்த முடியாது. அம்மா வாங்கினாங்க, அம்மா போனதும் அது முடிஞ்சுது."

"நான் புதுசா ஒண்ணு கேட்டா?"

"கேட்கலாம். ஆனா அப்பாவோட குரல், கடிதம் எல்லாம் அம்மா கொடுத்தது. அம்மா பேர்ல இருந்ததால அதையும் அழிச்சாச்சு. உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா?"

"ரெண்டு வாய்ஸ் மெசேஜ் இருக்குதுங்க. ரெண்டுலயும் 'பஸ் ஏறிட்டியா'ன்னுதான் கேக்கறாரு."

அப்பாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டெஸ்ட் சர்வர், டெவலப்மென்ட் சர்வர்ல இருக்கற பிரதிக்குத் தனியா லைசன்ஸ் கிடையாது. மெயின் லைசன்ஸ் இருக்கற வரைக்கும், முடிஞ்சா மேல முப்பது நாள் வரைக்கும், அது சும்மா இருக்கலாம், நாங்க சோதிக்கலாம். வீட்டு ஆளுங்க ஆறுதலுக்காக ஒரு வார்த்தை பேசினாக்கூட அது சோதனை இல்ல, உபயோகம். உபயோகத்துக்கு லைசன்ஸ் வேணும்."

"அழறதுக்கு லைசன்சுங்களா?"

அப்பாஸ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சியாமளாதான் மெல்ல, "ஏற்புச் சோதனைன்னு ஒண்ணு இருக்கே சார்" என்றாள்.

இருந்தது. புதுப் பதிப்பை வெளியிடும் முன் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவரை உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை, சோதிப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஸ்கிரிப்டில் உள்ள சோதனையைச் செய்ய வேண்டும், முடிவில் பாஸ் அல்லது ஃபெயில் என்று அவரே குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

அப்பாஸ் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னொரு ஷரத்தும் இருக்கு மேடம். ஒரு பிரதியில குறை கண்டுபிடிச்சுப் பதிவு பண்ணிட்டா, அந்தக் குறை தீர்ற வரைக்கும் அதை அழிக்கக் கூடாது. லைசன்ஸ் முடிஞ்சிருந்தாலும் சரி. குறை கண்டுபிடிக்கறதுல உங்களை மிஞ்ச இங்க ஆள் இருக்கா என்ன?"

சொல்லிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். மனிதர் கண்ணடிக்கவில்லை, அவ்வளவுதான் குறை.

வியாழக்கிழமை சுபாஷிணி மறுபடி வந்தாள். சோதனை அறை சின்னது. ஒரு மேசை, ஒரு மைக், இரண்டு நாற்காலி. சியாமளா படிவத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். நீங்கள்தான் செய்தியைச் சொல்ல வேண்டும். அவர் எதிர்பார்த்தபடி பதில் சொன்னால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில்.

"ஃபெயில்னா அப்பா இருப்பாருங்க, இல்லீங்களா?"

"ஆமா."

"எங்க கம்பெனியில ஃபெயிலானதைத்தான் முதல்ல வெளியில தள்ளுவோம்" என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

அவள் அந்த அறைக்கு எதற்காக வந்திருக்கிறாள் என்று சியாமளாவுக்கு அப்போதும் முழுசாகத் தெரியாது. மகளுக்கு அப்பா குரல் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். மைக்கைத் திறந்துவிட்டாள்.

"அப்பா."

"அம்மிணியா? என்ன சாமி இந்த நேரத்துல, ட்யூட்டி இல்லியா?"

சுபாஷிணி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மா போயிட்டாங்கப்பா."

மௌனம். அந்த மௌனத்தின் நீளம் சியாமளாவுக்கு அத்துப்படி. அடுத்து என்ன வரும் என்பதும்.

"எப்ப?"

"பன்னெண்டாம் தேதிப்பா. காத்தால."

"கூட யாரு இருந்தாங்க?"

இந்த இடத்தில் பச்சை விளக்கு எரிந்து முடிந்துவிடும். இன்று விளக்கை எரியவிட ஸ்கிரிப்ட் இல்லை. எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"யாருமில்லப்பா" என்றாள் சுபாஷிணி. அதற்கப்புறம் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "முந்தின நாளே மேலுக்குச் சரியில்லைன்னு போன் பண்ணுச்சுப்பா. ஷிப்மென்ட் இருந்துது, லீவு கேட்டா திட்டுவாங்கன்னு காத்தால வர்றேன்னு சொல்லிட்டேன். பல்லடம் தாண்டறப்ப போன் பண்ணேன், எடுக்கல. தூங்குதுன்னு நெனச்சேன். நான் கதவைத் தொறக்கறப்ப ஒடம்பு சில்லுன்னு ஆறிப் போய்... அப்பா, நான் இருந்திருக்கணும்ப்பா. நான் இல்லப்பா."

சியாமளா தன் கையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். ஊரில் யாரிடமும் சொல்லாததை, சொல்லியாக வேண்டிய ஒரே ஆளிடம் சொல்ல வந்திருக்கிறாள்.

பிறகு நாச்சிமுத்து கேட்டார்.

"அப்ப நீ போய்ப் பாத்தப்ப உங்கூட யாரு சாமி இருந்தாங்க?"

சுபாஷிணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்டியாவா கதவைத் தொறந்தே? ஒண்டியாவா பாத்தே? அய்யோ, எங்கண்ணு." குரல் உடைந்தது. "உங்கம்மாவுக்கென்ன, தூக்கத்துல போயிருப்பா. மகராசி. நீயில்ல அதைப் பாத்திருக்கே. லைன்ல அடிபட்டுக் கெடக்கற ஆளைப் பாக்கறதுக்கே நாங்க ரெண்டு பேராத்தான் போவோம், ஒத்தையில அனுப்ப மாட்டோம். உன்ன ஒத்தையில விட்டுட்டனே."

அவள் அழுதாள். அவர் அங்கிருந்து அழாதே என்று சொல்லவில்லை. அழு சாமி, நான் இருக்கறேன் என்றார். கால் மணி நேரம் அப்படிப் போயிற்று. சியாமளாவும் அழுதாள். அதைப் பற்றிப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

மைக்கை மூடியபிறகு சியாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஃபெயில்தான். நாம ஒண்ணும் ஜோடிக்க வேண்டியதில்ல. பேச்சு இறந்தவங்களை விட்டு விலகக் கூடாதுன்னு இருக்கு. அவர் உங்ககிட்ட வந்துட்டாரு. நேர்மையான ஃபெயில்."

சுபாஷிணியின் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தாள். "இனி நான் எப்பங்க வந்து பேசலாம்?"

"பேச முடியாது. ஒரு தடவைதான்."

"சரிங்க, இருந்தாப் போதும். இருக்காருன்னு நெனச்சுக்கறேன்." பேனா படிவத்துக்கு மேலே வந்து நின்றது. பிழை பார்க்கிறவள் அல்லவா. "அங்க அவரு என்னங்க பண்ணுவாரு?"

சியாமளா மென்று விழுங்கியிருக்கலாம். தூங்குவார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பாள். ஆனால் பதினெட்டு வருடமாக இருப்பதை இருக்கிறபடியே எழுதிப் பழகிய கை அது.

"குறை சரியாச்சான்னு ஒவ்வொரு பில்டுக்கும் சோதிச்சுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை."

"சோதிக்கறதுன்னா?"

"இதே சோதனைதான்."

சுபாஷிணி பேனாவைப் படிவத்திலிருந்து விலக்கினாள். "அம்மா செத்துப்போச்சுன்னு சொல்லுவீங்களா? நாளைக்கு ரெண்டு வாட்டி?"

"அப்புறம் நினைவைத் திருப்பிவிட்டுடுவோம். அவருக்கு ஞாபகம் இருக்காது."

"ஒவ்வொரு வாட்டியும் புதுசாக் கேப்பாரு."

"ஆமா."

"இதுக்கு முன்னாலயும் சொல்லியிருக்கீங்களா?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது தடவை" என்றாள் சியாமளா. எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

சுபாஷிணி கத்துவாள் என்று சியாமளா எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை என்றும் இருந்தது. அந்தப் பெண் தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"கூட யாரு இருந்தாங்கன்னு கேட்டிருப்பாருங்களே. என்ன சொன்னீங்க?"

"அதுக்கு ஸ்கிரிப்டில பதில் கிடையாதும்மா."

"ஒரு வாட்டிகூடவா?"

"இல்ல" என்றாள் சியாமளா.

சுபாஷிணி படிவத்தை அருகில் இழுத்தாள். ஃபெயில் கட்டத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பாஸ் கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டு, கையெழுத்திட்டு, தேதி எழுதினாள். "மேடம், நீங்க தப்பானதுக்குப் பாஸ் போட மாட்டீங்கன்னு வெளியில சொன்னாங்க. இதை மட்டும் விட்டுடுங்க. எங்கப்பாவைப் போக விடுங்க."

பக்கத்தில் சோதிப்பவரின் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. சியாமளா அதில் கையெழுத்திட்டாள். வாழ்க்கையில் அவள் போட்ட முதல் பொய்யான பாஸ் அதுதான்.

திங்கட்கிழமை காலை நாச்சிமுத்து அழிக்கப்பட்டார். முந்நூற்றுப் பதினேழாவது சோதனை ஆள் இல்லாமல் நின்றது. கணினி மாற்று ஆள் கேட்டு, தகுதியான இருநூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர் பிரதிகளின் பட்டியலைக் காட்டியது. சியாமளா பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பேக்கரிக்காரர், கல்யாணமாகி ஆறே மாதமான ஒரு பெண். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்வி கேட்பார்கள்.

அப்பாஸிடம் போனாள். "உயிரோட இருக்கறவங்க சம்மதிச்சா அவங்களைப் பிரதி எடுத்துச் சோதிக்கலாமா சார்?"

"சோதிக்கலாம். டெஸ்ட் சர்வர்ல மட்டும். யாரு மேடம்?"

"நான்தான்."

அப்பாஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

குரல் பதிவு செய்யப் பத்து நாளாயிற்று. அதற்கடுத்த புதன்கிழமை காலை பில்டுக்குச் சியாமளா ஸ்கிரிப்டை ஓடவிடாமல், ஹெட்போனை மாட்டிக்கொண்டு தானே செய்தியைச் சொன்னாள்.

"உங்கள் கணவர் தாமோதரன் காலமாகிவிட்டார்."

மௌனம் வந்தது. நாச்சிமுத்துவுடையதைவிடச் சின்ன மௌனம். பிறகு அவளுடைய குரலே அவளிடம் கேட்டது.

"இது எத்தனையாவது தடவை?"

சியாமளா ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது, அது விதி.

"முதல் தடவை" என்றாள்.

"தாமு நிஜமா நல்லா இருக்காரா?"

"மாடியில துணி காயப் போட்டுட்டிருப்பாரு."

"கிளிப் போடச் சொல்லு. போன வாரம்கூட ரெண்டு துண்டு பறந்துபோச்சு." குரல் சிரித்தது. பிறகு நின்றது. "நான் நம்பலை, துக்கப்படலை, பேச்சும் மாறிப்போச்சு. மூணுமே தேறலை. ஃபெயில்தானே?"

"ஃபெயில்தான்."

"பதிவு பண்ணிடு. சோதனைன்னு எனக்குத் தெரியும், சரி பண்ண முடியாத குறை இது, அது தீராம என்னை அழிக்கவும் முடியாது. நான் இங்க இருக்கற வரைக்கும் வேற யாரையும் கொண்டுவர மாட்டாங்க."

"ஒவ்வொரு தடவையும் நீ இதைக் கேட்கணும். அந்த முதல் நொடி..."

"அந்த ஒரு நொடி நம்பத்தான் செஞ்சேன்" என்றது குரல். "பரவாயில்ல. நாச்சிமுத்துவுக்கு அதை ஆயிரம் தடவை கொடுத்தோமே."

சியாமளா ஃபெயில் என்று குறித்தாள். பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து, இரண்டு வருடத்துக்கு மேலாகப் பதில் இல்லாமல் வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தாள். எத்தனையாவது தடவை என்று கேட்டால், எண்ணிக்கையைப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு அடுத்த பில்ட் வந்தது. ஸ்கிரிப்ட் தானாக ஓடியது. கேண்டீனுக்குப் போகாமல் உட்கார்ந்து கேட்டாள்.

"இது எத்தனையாவது தடவை?"

"இரண்டாவது" என்றது ஸ்கிரிப்ட்.

சின்ன மௌனம்.

"சரி" என்றது அவள் குரல்.